அரக்குத் தட்டில் அடைபட்ட பாட்டு

பூந்தமல்லியில் ஒரு பழைய ஓட்டு வீட்டை இடித்துப் புதிதாய்க் கட்ட நிச்சயித்திருந்தார்கள். பரணில் ஐம்பது அறுபது வருஷமாகக் கிடந்த சாமான்களையெல்லாம் முற்றத்தில் இறக்கி வைத்திருந்த சமயத்தில் நாம் அங்கே போக நேர்ந்தது. அண்டா, அரிவாள்மணை, காலொடிந்த ஊஞ்சற் பலகை ஆகியவற்றுக்கு நடுவே ஒரு தேக்குப் பெட்டி இருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே வரிசையாகக் கிராமபோன் பிளேட்டுகள்! சில விரிந்து போயிருந்தன. இரண்டொன்று பாதியாகவே உடைந்திருந்தன. எஞ்சியவற்றில் ஒன்றை எடுத்து வேஷ்டித் தலைப்பால் தூசியைத் துடைத்தோம். நடுவிலிருந்த வட்டக் காகிதத்தில் கூம்பு மாடம் வைத்த ஒரு மண்டபத்தின் படமும், அதன் கீழே 'ஓடியன்' என்ற பெயரும், விளிம்பில் ஜெர்மனியில் செய்யப்பட்டது என்ற வாசகமும் தெரிந்தன. பாட்டோ தமிழ்ப் பாட்டு. மேலுறையில் 'சரஸ்வதி ஸ்டோர்ஸ், சென்னை' என்று போட்டிருந்தது.

தமிழ்ப் பாட்டு ஜெர்மனிக்குப் போய் அச்சாகிப் பூந்தமல்லிப் பரணுக்கு வந்து சேர்ந்த கதையைத்தான் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அது ஒரு கடையின் கதை. பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற பெரிய வழக்கும் அந்தக் கடையின் கதைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

முதலில் தட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுழலும் இந்தப் பழைய தட்டுகளுக்கு உயிர்நாடி அரக்கு. சோட்டா நாகபுரிக் காடுகளில் பலாச மரத்திலும் பூவ மரத்திலும் ஒட்டி வாழும் சிறு பூச்சி கக்குகிற பிசின் அது. அதைச் சுத்தம் செய்து, கல் பொடியும் கரிப் பொடியும் கலந்து, சூடான அச்சில் வைத்து அழுத்தினால் பிளேட் தயார். பூச்சி நம்முடையது, மரம் நம்முடையது, பாடுகிற தொண்டையும் நம்முடையது. அச்சு மட்டும் அயலானுடையது. ஆகையால் அரக்கு மூட்டை மூட்டையாகக் கப்பலேறிப் போய், கறுப்புத் தட்டாகத் திரும்பி வந்து, நம்மவரிடமே விலையாயிற்று. பருத்தி போய்த் துணியாக வந்ததைக் கண்டு கொதித்த தேசத்தார், இதைக் குறித்து அவ்வளவாகக் கொதித்ததாகத் தெரியவில்லை. சங்கீதம் கேட்கிற சமயத்தில் கோபம் வருவது கஷ்டம் போலும்.

1902-ம் வருஷம் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். அந்தக் காலத்தில் ஒலிபெருக்கிக் கருவி ஏது? ஒரு பெரிய புனலுக்குள் தலையை நீட்டிக்கொண்டு உரக்கப் பாட வேண்டும். அந்த அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கீறும். மெழுகுத் தட்டுகள் ஜெர்மனியிலுள்ள ஹானோவர் தொழிற்சாலைக்குப் போயின. பாட்டு முடிந்ததும் பாடினவர் தம் பெயரை உரக்கச் சொல்லுவது அக்காலத்து வழக்கம். இந்தியப் பாஷை ஒன்றும் அறியாத ஹானோவர்த் தொழிலாளிகள் எந்தத் தட்டில் எந்தப் பெயரை ஒட்டுவது என்று குழம்பாதிருக்கவே இந்த உபாயம் என்பார்கள். 1908-ல்தான் கல்கத்தாவில் தொழிற்சாலை ஏற்பட்டது.

தென்னாட்டிலும் சில வருஷங்களுக்குள் பதிவு தொடங்கியது. ஆனால் பெரிய வித்வான்கள் எளிதில் சம்மதிக்கவில்லை. யந்திரம் தொண்டையை உறிஞ்சிவிடும், ஆயுளைக் குறைத்துவிடும் என்ற பயம் சிலருக்கு. மூன்றேகால் நிமிஷத்தில் ஒரு கிருதியை முடி என்றால் அது சங்கீதமாகுமா என்பது வேறு சிலருடைய கேள்வி. இரண்டாவது கேள்வி நியாயமானதுதான். பத்தங்குலத் தட்டில் ஒரு பக்கம் அவ்வளவு நேரமே ஓடும். ஆலாபனைக்கு இடமில்லை, நிரவலுக்கு இடமில்லை, பல்லவி, அனுபல்லவி, சரணம், உடனே மங்களம் பாடிவிட வேண்டியதுதான்! ஆகவே முதன்முதலில் துணிந்து புனலுக்கு முன்னால் நின்றவர்களில் பெரும்பாலோர் இசை வேளாளர் குலப் பெண்மணிகள். சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, காஞ்சீபுரம் தனகோடி அம்மாள் முதலியோரின் குரல்கள் நமக்குக் கிடைத்தது அவர்களுடைய துணிச்சலால்தான். கோயம்புத்தூர் தாயியின் தட்டைக் கேட்டு மனம் பறிகொடுத்த மோரிஸ் டிலாஜ் என்ற பிரெஞ்சு சங்கீதக்காரர், 1912-ல் அந்தப் பாணியைத் தழுவித் தாமே பாட்டு இயற்றினார். நம்முடைய சபாக்காரர்கள் பிளேட்டுப் பாட்டு என்று இளப்பமாய்ப் பேசிக்கொண்டிருந்த போது பாரிஸில் ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்கிறார்!

1925-ஐ ஒட்டி மின்சாரப் பதிவு வந்தது. உரக்கக் கத்த வேண்டிய அவசியம் ஒழிந்தது. வீணை தனம்மாளின் மெல்லிய வாசிப்பைக்கூட முப்பதுகளின் தொடக்கத்தில் தட்டில் பிடிக்க முடிந்தது. 1926-ல் பத்து வயதுச் சிறுமி எம். எஸ். சுப்புலக்ஷ்மியின் முதல் தட்டு வெளியாயிற்று. கிட்டப்பாவின் குரலும் கே. பி. சுந்தராம்பாளின் குரலும் நாடகக் கொட்டகையை விட்டு வெளியேறி, காப்பி ஹோட்டலிலும் கல்யாணப் பந்தலிலும் ஒலித்தன. சங்கீதம் கற்க வெளியே போகக்கூடாத பெண்கள் கூடத்தில் உட்கார்ந்தபடியே சாவி கொடுத்துக் கொடுத்துப் பாடம் பண்ணினார்கள். பிளேட் வியாபாரம் நல்ல வியாபாரம் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அப்படித் தெரிந்துகொண்டவர்களில் ஒருவர் காரைக்குடி இளைஞர் மெய்யப்பன். 1907-ல் பிறந்தவர். தந்தை ஆவிச்சி செட்டியாரின் 'ஏ. வி. அண்டு சன்ஸ்' கடையில் பலசரக்கோடு பிளேட்டும் விற்றார்கள். கடை மேஜைக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு ஒரு கல்வி கிடைக்கிறது. எந்தப் பள்ளிக்கூடத்திலும் நாம் அதைக் கற்பிப்பதில்லை. யார் எதைக் கேட்டு வருகிறார்கள், எதைப் பாதி கேட்டுவிட்டுத் திருப்பி வைக்கிறார்கள், எந்தப் பாட்டைக் கேட்டால் பணத்தை எண்ணாமல் எடுத்து வைக்கிறார்கள் என்பதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். கல்கத்தாவில் உட்கார்ந்திருந்த கம்பெனித் துரைக்கு இது எப்படித் தெரியும்? பிறர் செய்த தட்டை விற்பதைவிட நாமே செய்து விற்றால் என்ன என்று அந்த இளைஞருக்குத் தோன்றியது. சென்னைக்கு வந்து, கே. பி. வரதாச்சாரியார் முதலிய நண்பர்களோடு கூட்டுச் சேர்ந்து, 1932-ம் வருஷம் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கினார்.

கையில் தொழிற்சாலை இல்லை. அதை வைக்கிற முதலும் இல்லை. ஜெர்மன் ஓடியன் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். பாடகரைத் தேர்ந்தெடுப்பது, பாட்டைத் தேர்ந்தெடுப்பது, பேரம் பேசுவது, ஒத்திகை பார்ப்பது, விற்பது எல்லாம் இவர்கள் பொறுப்பு. பதிவுக் கருவியும் அச்சும் அவர்களுடையவை. பதிவான மெழுகின்மேல் உலோகம் பூசி, அதிலிருந்து அச்சு எடுத்து, அந்த அச்சால் தட்டுகளை அழுத்தி, மறுபடி கப்பலில் வரவேண்டும். பாடினவர் தம் பாட்டைத் தாமே கேட்பதற்குள் மாதங்கள் கழியும். பாடினவருக்குப் பெரும்பாலும் மொத்தமாக ஒரு தொகை. அதற்குப் பிறகு தட்டு நூறு விற்றாலும் நூறாயிரம் விற்றாலும் அவருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இந்த வழக்கம் எல்லாக் கம்பெனிகளிலும் இருந்தது. பாட்டை ஒரு பண்டமாக விலைபேசி, ஒரே தடவையில் தீர்த்துக் கட்டுகிற இந்த வழக்கத்தை நேயர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வரும்.

இந்தக் கடை சுயேச்சையான கடைதானா? முழுக்க அல்ல. 1931-ல் லண்டனில் கிராமபோன் கம்பெனியும் கொலம்பியாவும் ஒன்றாக இணைந்து 'இ. எம். ஐ.' என்ற பெருங் கம்பெனியாகிவிட்டன. ஓடியனின் தாய்க் கம்பெனியாகிய லிண்ட்ஸ்ட்ராமோ அதற்கு முன்பே கொலம்பியாவின் கைக்குப் போயிருந்தது. நாய்ப் படம் போட்ட தட்டை வாங்கினாலும், மண்டபப் படம் போட்ட தட்டை வாங்கினாலும், மலிவுச் சரக்காகிய 'ட்வின்' தட்டை வாங்கினாலும், ஒரே பெட்டியில்தான் பணம் விழுந்தது. சென்னைக் கடைக்காரருக்கு இருந்த சுயேச்சை எல்லாம் எதைப் பாட வைப்பது என்பதில்தான். ஆனால் அந்த ஒன்றே பெரிது என்பது நம் அபிப்பிராயம். அச்சு யாருடையதாயினும் தமிழ்ப் பாட்டைத் தமிழனே தேர்ந்தெடுத்தான்.

பேசும் படம் வந்ததும் தட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1935-ல் மெய்யப்பச் செட்டியார் கல்கத்தாவுக்குப் போய் 'அல்லி அர்ஜுனா' எடுத்தார். படம் படுத்துவிட்டது. அடுத்த படமும் தேறவில்லை. 1938-ல் வந்த 'நந்தகுமார்'தான் கைகொடுத்தது. அதில் ஒரு நடிகைக்கு லலிதா வெங்கட்ராமன் என்ற பாடகியைக் கொண்டு பின்னணி பாட வைத்தார்கள். நடிப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர் என்பது இன்று குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. அன்று அது புதுமை. முகத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் விலைபேசிப் பழகிய தட்டு வியாபாரிக்கு அந்த யோசனை உதித்ததில் ஆச்சரியமில்லை.

1939 செப்டம்பரில் யுத்தம் மூண்டது. ஜெர்மனியிலிருந்து தட்டு வர வழியில்லாமல் போயிற்று. மூல அச்சுகள் எல்லாம் சத்துரு தேசத்தில்! தொழிற்சாலை இல்லாமல் நடத்தின வியாபாரத்தின் பலவீனம் அப்போதுதான் தெரிந்தது. செட்டியார் படத்தொழிலிலேயே மேலும் மேலும் இறங்கினார். 1945-ல் ஏ. வி. எம். என்ற பெயரில் ஸ்டூடியோ தொடங்கி, சொந்த ஊராகிய காரைக்குடியிலேயே கொட்டகை போட்டார். ஆனாலும் பாட்டு விஷயத்தில் அவருடைய புத்தி பழைய தட்டுக்கடைப் புத்தியாகவே இருந்தது. பாரதியார் விவகாரத்தில் அதைப் பார்க்கலாம்.

1921-ல் பாரதியார் காலமானார். 1928-ல் சென்னை சர்க்கார் அவர் பாடல்களைப் பறிமுதல் செய்தது. சட்டசபையில் சத்தியமூர்த்தி அதை எதிர்த்து முழங்கினார். தடையினால் அப்பாடல்களின் மதிப்பு உயர்ந்ததே தவிரக் குறையவில்லை. நூல்களை வெளியிட்டு வந்தவர் கவியின் தம்பி சி. விசுவநாதன். இசைத்தட்டில் பதிவு செய்யும் உரிமை என்று தனியே ஒன்று உண்டு என்பதை அந்நாளில் எத்தனை பேர் அறிவார்கள்? சென்னையில் நகை வியாபாரமும் தட்டு வியாபாரமும் சேர்த்து நடத்திய ஜேசிங்லால் மேத்தா என்ற குஜராத்தி வணிகர் அறிவார். முப்பதுகளில் அந்த உரிமையைச் சில நூறு ரூபாய்க்கு அவர் வாங்கிக்கொண்டார். தேசமே வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்த பாட்டு, ஒரு நகைக்கடை அலமாரியில் பத்திரமாய்ப் பூட்டப்பட்டுவிட்டது!

நாற்பதுகளில் மெய்யப்பச் செட்டியார் அதை மேத்தாவிடமிருந்து பத்தாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவான தொகைக்கு வாங்கினார். சில நூறு கொடுத்தவருக்கு நல்ல லாபம். செட்டியாரும் நஷ்டப்படவில்லை. 1947 ஜனவரியில் வெளியான 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாடல்கள் இடம் பெற்றன, டி. கே. பட்டம்மாள் பின்னணி பாட, குமாரி கமலா ஆடினாள். சுதந்திரம் வருவதற்கு ஏழு மாதம் முன்பே சுதந்திரம் வந்துவிட்டதாகப் பாடிய பாட்டு அதில் ஒன்று. ஜனங்கள் கொட்டகையில் கேட்டதோடு நில்லாமல் தட்டாகவும் வாங்கிச் சென்றார்கள்.

அடுத்த வருஷம் டி. கே. எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டைச் சேர்த்தார்கள். உரிமை எம்முடையது என்று செட்டியார் வழக்குத் தொடுத்தார். சட்டம் அவர் பக்கம்தான். காசு கொடுத்து வாங்கிய பத்திரம் கையில் இருக்கிறது. ஆனால் அவ்வை சண்முகம் பின்வாங்கவில்லை. பாரதி பாட்டுக்குத் தனி மனிதன் சொந்தம் கொண்டாடுவதா என்ற கேள்வி நாடெங்கும் கிளம்பிற்று. 1947 அக்டோபரில் எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம் திறந்த சமயத்திலேயே அப்படியொரு கோரிக்கை எழுந்திருந்தது, ப. ஜீவானந்தம் அதை ஓயாமல் வற்புறுத்தினார். 'பிரசண்ட விகடன்' ஆசிரியர் நாரண துரைக்கண்ணன் முதலியோர் திருநெல்வேலிக்குப் போய்ச் செல்லம்மாள் பாரதியின் சம்மதத்தைப் பெற்று வந்தார்கள். காங்கிரஸ்காரர், கம்யூனிஸ்ட், நாடகக்காரர், பத்திரிகைக்காரர் எல்லோரும் ஒரு காரியத்தில் ஒன்றுபட்டார்கள் என்றால் அது அபூர்வம்தான்.

1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மந்திரிசபை பாரதியாரின் நூல் உரிமையைச் சர்க்கார் உடைமையாக்கியது. விசுவநாதனுக்கு 15,000 ரூபாய். செல்லம்மாளுக்கும் இரு குமாரத்திகளுக்கும் ஆளுக்கு 5,000 ரூபாய். தட்டு உரிமையை வைத்திருந்த மெய்யப்பச் செட்டியார் ஒரு தம்பிடியும் கேளாமல் அதை விட்டுக்கொடுத்தார். 'நாம் இருவ'ரில் அவர் போட்ட பணத்துக்கு மேல் எடுத்துவிட்டார் என்று சொல்லுவோர் உண்டு. இருக்கட்டுமே. லாபம் எடுத்த பிறகும் விடாப்பிடியாக நிற்கிறவர்களை நாம் பார்த்ததில்லையா? ஐம்பதுகளில் சர்க்காரும் அந்த உரிமையைப் பொதுமக்களுக்கே விட்டுவிட்டது. ஒரு கவியின் எழுத்து முழுவதையும் ஒரு சர்க்கார் வாங்கி நாட்டுக்குக் கொடுத்த இந்த வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி விரிவாக ஆராய்ந்து புத்தகமாக எழுதியிருக்கிறார்.

செட்டியாரைக் குற்றவாளியாக்கிப் பேசுவது நமக்குச் சம்மதமல்ல. கடைச் சரக்காகப் பாட்டு விற்கப்பட்ட சந்தையில் அவர் விலை கொடுத்து வாங்கினார். முதன்முதலில் அதைச் சில நூறுக்கு எழுதிக் கொடுத்த நாளில் பக்கத்தில் நின்று, வேண்டாம் ஐயா என்று சொல்ல ஒருவரும் இல்லாமற் போனதே நாம் வருந்த வேண்டிய விஷயம்.

இந்தத் தகராறு நமக்கு மட்டும் உரியது அன்று. நம்முடைய காலத்திலேயே இங்கிலாந்தில் நடந்த ஒன்றைச் சொல்லுகிறோம். 1980-ல் டெட் பெர்ரி என்பவர் 'ஹைப்பீரியன்' என்ற சிறு இசைத்தட்டுக் கம்பெனியை ஆரம்பித்தார். ஐஸ்கிரீம் வண்டியும் வாடகைக் காரும் ஓட்டிச் சம்பாதித்தவர் அவர். பெரிய கம்பெனிகள் சீண்டாத பழைய சாஸ்திரீய சங்கீதத்தை எல்லாம் தேடிப் பதிவு செய்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சந்நியாசினி ஹில்டகார்டின் கீதங்கள் எதிர்பாராமல் விற்று, மற்றத் தட்டுகளுக்கு முதல் கொடுத்தன. 2003-ல் பெர்ரி காலமானார். மகன் கம்பெனியை ஏற்றார். அப்போது ஒரு வழக்கு வந்தது. லலாந்த் என்ற பிரெஞ்சு சங்கீதக்காரர் 1726-ல் இறந்தவர். அவருடைய பழைய ஏடுகளைச் சோதித்துப் பாடத்தைத் திருத்திக் கொடுத்த லயோனல் சாகின்ஸ் என்ற பண்டிதர், அந்தத் திருத்தத்தில் தமக்கு உரிமை உண்டு என்றார். 2005-ல் மேல்கோர்ட்டும் அவர் பக்கமே தீர்ப்புச் சொல்லிற்று. வழக்குச் செலவு பத்து லட்சம் பவுனை நெருங்கியது. கம்பெனி புதுப் பதிவுகளைக் குறைத்துக்கொள்ள நேர்ந்தது. கடைசியில் 2023-ல் அதை 'யூனிவர்ஸல்' என்ற பெருங் கம்பெனி வாங்கிவிட்டது. அங்கே தனி மனிதரின் உரிமை வென்று சிறு கம்பெனி அடிபட்டது. இங்கே ஊரார் கேட்டார்கள், கம்பெனி விட்டுக்கொடுத்தது. ஏடு பார்த்துப் பாடம் திருத்துவது எவ்வளவு கஷ்டம் என்பது உ. வே. சாமிநாதையரை அறிந்த தமிழருக்குத் தெரியும். ஆகையால் சாகின்ஸ் கேட்டதும் அநியாயம் என்று நமக்குத் தோன்றவில்லை.

1948-ல் காரைக்குடிக் கொட்டகையைப் பெயர்த்துக்கொண்டு செட்டியார் சென்னை வடபழனிக்கு வந்தார். அதன் பிறகு அவர் பெயரைச் சொன்னால் ஜனங்களுக்குப் படம்தான் ஞாபகம் வந்தது, பிளேட் ஞாபகம் வரவில்லை. அரக்குத் தட்டுக்கும் காலம் முடிந்தது. நீண்ட நேரம் ஓடும் பிளாஸ்டிக் தட்டு வந்தது. பிறகு நாடா வந்தது. பிறகு தட்டே இல்லாமற் போயிற்று. நம் நாட்டுச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரிமை வெளியான வருஷத்துக்குப் பின் அறுபது வருஷம்தான். ஆகவே முப்பதுகளில் ஓடியன் தட்டில் பாடியவர்களுடைய குரலெல்லாம் இன்று பொதுச்சொத்து. யாரும் பெயர்த்தெடுத்துப் பத்திரப்படுத்தலாம், சட்டம் தடுக்காது. தடுப்பது செல்லும் பூஞ்சையும், பழைய இரும்புக்காரனின் சாக்கு மூட்டையும்தான். தட்டை நிமிர்த்தி வைக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கினால் கோடையில் வளைந்துவிடும். ஈரத் துணியால் துடைப்பவர்கள் பழைய காகித முகப்பைச் சேர்த்தே துடைத்துவிடுகிறார்கள். அதோடு பாடினவர் பெயரும் போய்விடுகிறது.

பூந்தமல்லி வீட்டுக்காரர் அந்தப் பெட்டியை எடைக்குப் போடுவதாய் இருந்தார். இந்தக் கதையில் பாதியைச் சொன்னதும் யோசித்தார். உள்ளே போய் மூலையில் கிடந்த கிராமபோன் பெட்டியையும் தூக்கி வந்தார். சாவி கொடுத்துப் பார்த்தோம்; வில் இறுகிற்று, தட்டு சுழன்றது. ஆனால் ஊசி இல்லை. ஒரு பக்கம் பாடியதும் ஊசியை மாற்ற வேண்டும் என்று அவருடைய தாயார் திண்ணையிலிருந்தே சொன்னார். தகரச் சிமிழ் நிறைய ஊசி வாங்கி வைத்திருப்பாராம் அவருடைய மாமனார். அந்தச் சிமிழைப் பரணில் தேடிப் பார்க்க ஒரு பையனை ஏணியில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள்.